கொட்டிலடியில் இறங்கியவர்கள்

மல்வேர்ன், ரொறொன்ரோ
2024 தை 14

அன்புத் தம்பி அல்பேட்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். உனக்கும் ஸ்டெபனிக்கும் உடம்பு எப்படி? மாரியில் உனக்கு மூச்சிழுப்பு கூடும், மருந்தை விட்டுவிடாதே. இங்கே முழங்காலைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை. உன் அத்தான் ஜூலியஸ் வாசலில் பனி வழித்துவிட்டு வந்து முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாங்கள் இரண்டு பேரும் ஐந்து நிமிடத்தில் சண்டை பிடித்து வைத்துவிடுகிறோம். எழுதினால் நீ கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

விசயம் இதுதான். எங்கள் கோயிலின் நூற்றைம்பதாவது ஆண்டுக்கு இங்குள்ள முள்ளித்துறைச் சங்கம் ஒரு மலர் போடுகிறது. அந்தக் காலத்தில், வெள்ளைக்காரன் ஆண்டபோது, முள்ளித்துறை எப்படி இருந்தது என்று எழுதும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்த ரீச்சர் என்று இங்கே நான் ஒருத்திதானே மிச்சம். சங்கத் தலைவர் அலெக்ஸாண்டரை உனக்குத் தெரியும், றொபேட் அண்ணையின் தம்பி, இங்கே வீடு விற்றுக் கொடுப்பவர். “ரீச்சர், எங்கட பிள்ளையள் வாசிச்சுப் பெருமைப்பட வேணும்” என்றார்.

நீ எனக்கு ஒரு உதவி செய். சங்கம் கட்டப்போகும் மண்டபத்துக்குப் பொறுப்பாக உன்னைத்தானே போட்டிருக்கிறார்கள். மண்டபம் வரும் இடத்துக்குக் கொட்டிலடி என்று பெயர் வந்தது எப்படி? யாருடைய கொட்டில்? வயது போனவர்களிடம் கேட்டு எழுது.

உன் மகள் ஜெனாட்டுக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினேன், பதில் இல்லை. வவுனியாவில் பள்ளிக்கூட வேலை கூடவோ? மாமி கோபம் என்று சொல்லு.

அன்புடன்,
அக்கா றோஸ்மேரி

*

முள்ளித்துறை
2024 மாசி 9

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் நலம். அத்தானின் முதுகுக்கு இஞ்சியும் நல்லெண்ணெயும் காய்ச்சிப் பூசச் சொல்லி ஸ்டெபனி சொல்கிறா.

கடலில் பிழைப்பு மோசம். இந்திய றோலர் படகுகள் எல்லை தாண்டி வந்து வலைகளை வாரிக்கொண்டு போகின்றன. எங்கள் பொடியள் கொஞ்சம் அங்காலே போனால் மட்டும் நேவிக்கு எல்லை ஞாபகம் வந்துவிடுகிறது.

மலருக்கு எழுத விசயம் நிறைய இருக்கிறது. முத்துக் குளிப்பு, சங்கு குளிப்பு, கோயிலுக்குக் கல் ஏற்றி வந்த கதை. எங்கள் சந்தியோகுப் பாட்டனிடம் ஏழு தோணி இருந்ததையும் எழுதுங்கள். கோயில் மணி அவர் கொடுத்தது.

கொட்டிலடி சும்மா ஒரு பெயர். ஆடு மாடு கட்டியிருப்பார்கள். அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

வேறு விசேசம் இல்லை.

இப்படிக்கு,
தம்பி அல்பேட்

*

மல்வேர்ன்
2024 பங்குனி 3

அன்புத் தம்பி,

ஸ்டெபனியின் எண்ணெயால் இவர் எழும்பி நடக்கிறார். அவவுக்கு என் நன்றியைச் சொல்லு. ஜெனாட்டைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை.

கொட்டிலில் ஆடு மாடு கட்டவில்லை, அல்பேட். பல்கலைக்கழக நூலகத்தில் பழைய அரசாங்க அறிக்கைகள் இருக்கின்றன. மகள் அனோஜா கூட்டிக்கொண்டு போனாள், மூன்று சனிக்கிழமை இருந்து வாசித்தேன். கோப்பித் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆள் பிடித்த காலத்தில் தோணிகள் எங்கள் துறையிலும் இறக்கின. இறங்கியவர்கள் காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடக்க வேண்டும். நடக்க முடியாத நோயாளிகளை ஓலைக் கொட்டிலில் போட்டுவிட்டு, கூட்டிவந்த கங்காணிமார் போய்விடுவார்கள். வாந்திபேதி பரவும் என்று பயந்து ஊரார் கிணறுகளைச் சுற்றி முள் அடைத்தார்கள். தாகத்தில் கடல்தண்ணீர் குடித்துச் செத்தவர்களும் உண்டு என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதியிருக்கிறான். அவன் ஒன்றும் இரக்கத்தில் எழுதவில்லை, புதைக்கும் செலவு கூடிவிட்டது என்று முறையிடுகிறான்.

ஏழு தோணி, ஏழு தோணி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். அந்தத் தோணிகள் எதை ஏற்றின என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அறிக்கையில் பெயர் இருக்கிறது, சந்தியோகுப் பாட்டன் ஆள்தான் ஏற்றினார், தம்பி.

கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அலெக்ஸாண்டர் உடனே போன் எடுத்தார்.

“ரீச்சர், உதை ஏன் இப்ப கிண்டுறியள்? எங்கட மலரிலை தோட்டக்காட்டாருக்கு என்ன வேலை?”

“அவை செத்துக் கிடக்கிற இடம் எங்கட ஊர்தானே” என்றேன்.

அவர் வைத்துவிட்டார். அடுத்த மாதம் பொதுக்கூட்டம். நான் போவேன்.

அன்புடன்,
அக்கா

*

முள்ளித்துறை
2024 பங்குனி 28

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

அந்தக் கட்டுரை வேண்டாம். நீங்கள் அங்கே எழுதிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பீர்கள். இங்கே தெருவில் நடக்கிறவன் நான். எங்கள் வீட்டுப் பெயர் இப்போது இருக்கிற நிலையில் இதுவும் வேண்டாம்.

ஜெனாட் சுகமாக இருக்கிறாள். அவளைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

அல்பேட்

*

மல்வேர்ன்
2024 சித்திரை 22

தம்பிக்கு,

உனக்கும் ஸ்டெபனிக்கும் என் அன்பு. ஈஸ்டர் பூசையில் உங்கள் மூன்று பேருக்காகவும் மன்றாடினேன்.

நேற்று ஸ்காபரோவில் சங்கத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. மண்டபம் நிறைய ஆட்கள், சுவரோரமாக ரோல்ஸும் வடையும். என் கட்டுரையை மலரில் போடுவதில்லை என்று தீர்மானம் வாசித்தார்கள். நான் எழும்பிக் கேட்டேன்.

“அதிலை பிழையான வசனம் ஒண்டு காட்டுங்கோ, எடுத்துவிடுறன்.”

“ஊரின்ரை மானம்” என்றார் ஒருவர்.

“அலெக்ஸாண்டர், நீரும் நானும் பஃபலோ எல்லையாலைதானே அகதியளா இந்த நாட்டுக்குள்ளை வந்தனாங்கள். எங்களைக் கண்டதும் ஆரும் கிணத்துக்கு முள் அடைச்சவையோ? படுக்க இடம் தந்து சூப்பும் தந்தவை” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

“ரீச்சருக்கு உந்தக் கட்டுரை ஏன் தேவைப்படுது எண்டு எல்லாருக்கும் தெரியும். மருமகள் ஒரு தோட்டக்காட்டானைப் பதிவு செய்துபோட்டு இருக்கிறாள். அதுக்கு நியாயம் தேடுறா.”

அல்பேட், அந்த நிமிடம்வரை எனக்கு எதுவும் தெரியாது. என் சொந்தத் தம்பியின் மகளுக்குப் பதிவுக் கலியாணம் நடந்ததை நூற்றைம்பது பேருக்கு நடுவில், ஒலிபெருக்கியில் கேட்டேன். ஜூலியஸ் என் கையைப் பிடித்து இருத்தப் பார்த்தார். ஆனால் நான் இருக்கவில்லை.

“ஓம்” என்றேன். “அதுக்கும் சேத்துத்தான் எழுதினனான்.”

வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். உன் மீதுள்ள கோபத்தில்தான். மகள் செய்தது குற்றமென்று நீ நினைத்தால் அதையாவது எனக்கு எழுதியிருக்கலாமே. என்ன நடந்தது? அவள் எங்கே இருக்கிறாள்?

பதில் போடு.

அக்கா

*

மல்வேர்ன்
2024 வைகாசி 30

தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. நீயும் ஸ்டெபனியும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் புரட்டாதியில் நாள் தந்திருக்கிறார்கள்.

மலரில் என் பக்கங்களுக்குப் பதிலாக அலெக்ஸாண்டர் எழுதிய கட்டுரையைப் போட்டிருக்கிறார்கள். அதில் ஏழு தோணியும் வருகிறது, நீ சந்தோசப்படலாம்.

என்னுடையதை நானே சின்னப் புத்தகமாக அடித்துவிட்டேன். “அம்மா, அவையின்ரை பெர்மிஷன் எங்களுக்கு எதுக்கு? ஜஸ்ட் பிரிண்ட் இற்” என்று அனோஜா அட்டையும் செய்து தந்தாள். இந்தப் பொதியில் இருபது பிரதி இருக்கிறது. வாசிகசாலையில் ஐந்து வை. வைக்க விருப்பமில்லையென்றால் திருப்பி அனுப்பாதே. இதே பொதியை ஜெனாட்டின் பள்ளிக்கூட முகவரிக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே தமிழ்க் கடையில் மீன் வாங்கப் போனால் ஊராட்கள் நண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்களில்லை. பரவாயில்லை. அவர்கள் விலகி நிற்பதால் வரிசை எனக்குச் சுருங்குகிறது.

அக்கா

*

வவுனியா
2024 ஆனி 20

அன்பு மாமிக்கு,

நீங்களும் மாமாவும் சுகம்தானே. அனோஜாவுக்கு என் அன்பு. உங்கள் வாழ்த்துகளுக்கெல்லாம் பதில் போடாதது பிழை. அப்பா சொல்லும்வரை நான் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது என்று இருந்தேன். அவர் சொல்லப்போவதில்லை என்று பிறகுதான் விளங்கியது.

நான் ஓடிப் போகவில்லை, மாமி. ஊரில் அப்படித்தான் கதைக்கிறார்கள். காலையில் சாப்பிட்டேன், அப்பாவிடம் சொன்னேன், பகல் பஸ்ஸில் போனேன். “இண்டைக்குப் பதிவு, நீங்களும் வந்தால் எனக்குச் சந்தோசம்” என்றேன். அவர் பேப்பரை மடிக்கவில்லை. அன்று பின்னேரம் திரும்பி வந்தபோது கேற்றில் பூட்டுப் போட்டிருந்தது. அம்மா உள்ளே நின்று அழுதா.

வினோதன் இங்கே ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அவருடைய குடும்பம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து, எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு வந்தது. அவர்கள் சைவ சமயம். கோயிலில் தாலி கட்ட ஆயரின் அனுமதி எடுத்துவிட்டோம். ஆனால் எங்கள் பங்குச் சபை கலியாண அறிவித்தலை வாசிக்க விடுகிறதில்லை. சபையில் றொபேட் பெரியப்பா இருக்கிறார். அப்பாவும் இருக்கிறார். வேறு ஊரில் போய்க் கட்டச் சொல்கிறார்கள். நான் மாட்டேன். எனக்கு ஞானஸ்நானம் தந்த கோயில் அது.

உங்கள் புத்தகத்தை வினோதனின் அம்மா துர்க்கா மாமி வாசித்தா. பிறகு சொன்னா: “நடந்தே வந்தோம்னு மட்டுந்தான் எங்க வீட்டுல சொல்லுவாங்க. எந்தக் கரையில எறங்குனோம்னு சொல்ல ஆளு இல்ல. இதுவா இருந்தாலும் இருக்கும்.”

உங்கள் கையை ஒருமுறை பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

அன்புடன்,
ஜெனாட்

*

முள்ளித்துறை
2024 ஆடி 16

அக்காவுக்கு,

உங்கள் பொதி வந்து கட்டில் அடியில் கிடந்தது. பிரிக்கவில்லை. பதில் எழுதும் எண்ணமும் இருக்கவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன கிழமை மண்டபத்துக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினோம். இடுப்பளவு ஆழத்தில் எலும்பு வந்தது. எலும்பு என்றதும் எல்லாருக்கும் சண்டைக் காலம்தான் நினைவுக்கு வந்தது. வேலைக்கு வந்த பொடியள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையில் போய் நின்றார்கள். நான் இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள், அக்கா. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்ற ஒழுங்கு இல்லை. ஒரு சின்னக் கை எலும்போடு பித்தளைக் காப்பு ஒன்று கிடந்தது. அதற்குள் என் இரண்டு விரல் நுழையவில்லை.

றொபேட் அண்ணை வந்து எட்டிப் பார்த்தார்.

“மூடு அல்பேட். பொலிசுக்குத் தெரிஞ்சா கோடு கச்சேரி எண்டு இழுபடும். பிறகு மண்டபமும் இல்லை, திருநாளும் இல்லை.”

“மூடமாட்டன் அண்ணை.”

“கொக்காவின்ரை புத்தகம் உன்ரை மண்டையிலும் ஏறிட்டுதோ?”

“அதை நான் இன்னும் பிரிக்கவேயில்லை. இது நான் என்ரை கண்ணாலை கண்டது.”

பொலிசுக்கு நானே அறிவித்தேன். அவர்கள் வருமட்டும் மண் கும்பியில் இருந்தேன், யாரும் மூடிவிடக்கூடாது என்று. அலெக்ஸாண்டர் ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்து, வேலை நின்றால் சங்கத்தின் உதவியும் நிற்கும் என்றான். நிப்பாட்டு என்றேன். நீதவானும் டொக்டரும் வந்து பார்த்தார்கள். மிகவும் பழையவை, சண்டைக் காலத்தவை அல்ல என்று டொக்டர் சொன்னார். முறையான அறிக்கை வரும்வரை அந்த இடத்தில் யாரும் கைவைக்கக்கூடாது என்று கட்டளை. மண்டபப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பங்குச் சபையை விட்டு மட்டும் நான் விலகவில்லை.

இரண்டாம் நாள் ஜெனாட் வந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது. கிடங்குக்கு அந்தப் பக்கத்தில் நின்றாள். நல்ல வெயில்.

“வெயிலுக்குள்ளை நில்லாதை” என்றேன்.

“நீங்களும்தான் நிக்கிறியள்” என்றாள்.

அவ்வளவுதான் கதைத்தோம். பிறகு இந்தப் பக்கம் வந்து எனக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் புத்தகத்தைப் பிரித்து வாசித்தேன்.

தம்பி அல்பேட்

*

மல்வேர்ன்
2024 ஆவணி 5

அன்புத் தம்பி,

உன் மூச்சிழுப்போடு கிடங்குக்குள் இறங்கியிருக்கிறாயே. ஸ்டெபனி உன்னைப் பேசவில்லையா? அவவுக்குப் பதிலாக நான் பேசுகிறேன். பேசிவிட்டு உன் கடிதத்தை இன்னொருமுறை வாசிப்பேன். ஜூலியஸுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சங்கத்தின் ஒன்றுகூடல் நடந்தது. எங்களுக்கு அழைப்பு இல்லை. பூங்கா சங்கத்தின் சொத்து இல்லையே. நானும் அனோஜாவும் மடக்குமேசை கொண்டுபோய்ப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு இருந்தோம். அலெக்ஸாண்டர் வந்து, “இது சரியில்லை ரீச்சர்” என்றார். “சரியில்லாட்டி ஒண்டை வாங்கி வாசிச்சிட்டு எங்கை சரியில்லை எண்டு சொல்லும்” என்றேன். வாங்காமல் போய்விட்டார். பிறகு அவருடைய மனைவி வந்து ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனா.

பின்னேரம் ஒரு பெண் வந்தாள். நிரோஷினி என்று பெயர், எங்களுக்கு அடுத்த தெரு. பிள்ளையைப் பூங்காவில் விளையாட விட்டுவிட்டு நின்றவள். நாலு புத்தகம் கேட்டாள்.

“நாலு எதுக்குப் பிள்ளை?”

“அண்ணன்மாருக்கு. நாங்க ஹட்டன் தோட்டம், ரீச்சர். இங்க வந்ததுல இருந்து வவுனியான்னுதான் சொல்லிட்டு இருக்கேன். உங்க ஆளுங்க மாதிரிப் பேசப் பழகிட்டேன்.” புத்தகங்களை அடுக்கிப் பிடித்துக்கொண்டு, “இப்ப நான் எங்க ஊர்ப் பேச்சுலதான் பேசுறேன், கவனிச்சீங்களா?” என்றாள்.

அவளை மேசைக்குப் பின்னால் என் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். முள்ளித்துறை ஆட்கள் எல்லாரும் பார்க்க, இரண்டு பேரும் இருட்டும்வரை இருந்து கதைத்தோம்.

முழங்கால் காரணமாக எனக்கு இப்போது ஊருக்கு வர முடியாது. நீ இனி என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. நீ இன்னும் பங்குச் சபையில் இருக்கிறாய் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அன்புடன்,
அக்கா

*

முள்ளித்துறை
2024 புரட்டாதி 29

அன்பின் அக்காவுக்கு,

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று அனோஜா செய்தி அனுப்பினாள். எழும்பி நடக்க அவசரப்பட வேண்டாம். நான் சுகம். ஸ்டெபனி ஐந்து நாளாகப் படுக்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தால் களைத்த ஆள் போலத் தெரியவில்லை.

பங்குச் சபையில் நான் கனக்கக் கதைக்கவில்லை. “என்ரை மகளின்ரை அறிவித்தலை வாசிக்க வேணும். வாசிக்காட்டி அடுத்த ஞாயிறு பூசை முடிய நான் எழும்பி வாசிப்பன்” என்றேன். பங்குச் சுவாமி எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். வாசித்தார். முதல் ஞாயிறு பெயர்களைக் கேட்டதும் ஆறேழு குடும்பம் எழும்பி வெளியே போனது. நான் முன்வரிசை வாங்கில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கலியாணம் போன சனிக்கிழமை. பந்தல் போட ஊரில் ஆள் வரவில்லை. நானும் ஸ்டெபனியின் தம்பிமாரும் போட்டோம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்தார்கள். சந்தியில் நான் நின்றேன். பெரிய தெருவில் ஆட்கள் நிற்கிறார்கள், கரைப் பாதையால் விடட்டோ என்று சாரதி கேட்டான். வேண்டாம், எல்லாரையும் இதிலே இறக்கு என்றேன். மேளக்காரரை முன்னுக்கு விட்டு, பெரிய தெருவால், றொபேட் அண்ணையின் கேற்றைத் தாண்டி, நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். வினோதன் எனக்குப் பக்கத்தில் நடந்தான். அமைதியான பொடியன். “மாமா, மெதுவா நடங்க, இழுக்குது உங்களுக்கு” என்றான். மெதுவாகத்தான் நடந்தேன். எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும்.

கோயிலில் மாப்பிள்ளைப் பக்கம் இருக்க இடமில்லை. எங்கள் பக்கம் நாலு வாங்கில் ஆள். துர்க்கா அதைப் பார்த்தா. எழும்பித் தன்னுடைய ஆட்களில் பாதிப் பேரைக் கையால் கூப்பிட்டா. “பொண்ணு பக்கம் காலியா இருக்கக் கூடாது. வாங்க, இங்கிட்டு ஒக்காருங்க.” அவர்கள் வந்து எங்கள் வாங்குகளை நிரப்பினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான ஐயா வந்து இருந்தார், பெயர் தெரியாது. ஜெனாட்டைப் பீடத்தில் விட்டுவிட்டு வந்து இருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்தான் கண் துடைக்கத் தன்னுடைய லேஞ்சியைத் தந்தார்.

கொட்டிலடி எலும்புகள் இன்னும் நீதவான் கோட்டின் பொறுப்பில்தான் இருக்கின்றன. எப்போது தருவார்கள் என்று தெரியாது. தந்தால் எங்கள் சேமக்காலையில் புதைக்க வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறேன். அதில் சந்தியோகுப் பாட்டனின் பேரனின் பிள்ளை என்று எழுதித்தான் கையெழுத்து வைத்தேன். சபையில் எதிர்ப்பு இருக்கிறது. பார்ப்போம்.

கலியாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கே போகவில்லை. அறையிலும் பந்தலிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். ஞாயிறு காலை முற்றத்தில் துர்க்காவும் ஸ்டெபனியும் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் கேற்றில் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள். பூசைக்குப் போகும் வழியில் றொபேட் அண்ணை கேற்றுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார்.

“அல்பேட், இனி உன்ரை வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் ஒருத்தரும் வரமாட்டம். சொல்லிப்போட்டன்.”

நான் திரும்பி வீட்டைப் பார்த்தேன், அக்கா.

“வராதேங்கோ அண்ணை” என்றேன். “இடமில்லை.”

உங்கள் தம்பி,
அல்பேட்